பதினோராவது குழிக்குக் கீழே ஒரு வீடு

கர்னல் ஸ்ட்ராக்கன் தான் தொலைத்த கோல்ஃப் பந்தைப் புல்லுக்குள் தேடிக்கொண்டிருந்தபோதுதான், மேட்டின் விளிம்பிலிருந்து மணல் மாவு சலிப்பதுபோலக் கீழே இறங்குவதை ஆண்ட்ரூ கின்னியர் பார்த்தார். கடல் காற்று கிளம்பியிருந்தது.

கோல்ஃப் மைதானம் அமைத்துக் கொடுப்பவர்கள் அந்தக் காலத்து ஸ்காட்லாந்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அவர்களில் கின்னியருக்குத்தான் நல்ல பேர். காலை ரயிலில் வந்து இறங்குவார், கடலோரப் புல்வெளியை ஒரு சுற்று நடப்பார், பந்து விழும் குழிகள் வரவேண்டிய இடங்களில் குச்சி நடுவார், இப்படி ஒரு மண்ணைப் பார்த்ததே இல்லை என்று எல்லா ஊரிலும் சொல்லுவதை இங்கேயும் சொல்லிவிட்டு மாலை ரயிலைப் பிடித்துவிடுவார். நட்ட குச்சி பிறகு என்ன ஆனது என்று திரும்பிப் பார்த்ததே இல்லை.

பால்கெரி என்ற இந்த ஊருக்கு மட்டும் திரும்பி வரவேண்டியதாயிற்று. திறப்பு விழா ஆட்டத்தை அவரும் ஆடவேண்டும் என்று நிலத்துக்காரரான கர்னல் பிடிவாதமாக நின்றார். அடுத்த ஊரில் பெரிய ஓட்டல்காரர்களின் வேலை கிடைக்கக் கின்னியருக்குக் கர்னலின் சிபாரிசு வேண்டும். கடல் தெரியும்படி மேட்டின்மேல் இந்தப் பதினோராவது குழியைக் கேட்டதும் கர்னல்தான். அதற்காக மேட்டை மூடியிருந்த உயரப் புல்லை வெட்டச் சொன்னவர் கின்னியர். அதன் வேர்தான் மணலைப் பிடித்துவைத்திருக்கிறது என்பது கடலோரத்தில் பிறந்தவருக்குத் தெரியாதா? தெரிந்தேதான் சொன்னார்.

கீழே மீனவன் மனைவி எல்ஸ்பெத்தின் வீடு. கின்னியர் இறங்கிப் போனார். வாசற்கதவு பாதி மணலுக்குள் இருந்தது.

"கதவு தொறக்காதுங்கய்யா. சன்னல் பக்கம் வாங்க."

உள்ளே தொட்டிலைச் சுவரோரத்திலிருந்து நடுவீட்டுக்கு நகர்த்தியிருந்தாள். புருஷன் மீன் பிடிக்கத் தெற்கே போயிருக்கிறானாம், வர நாளாகுமாம்.

"வேற வீடு குடுங்கன்னு கர்னல்கிட்ட கேட்டேன். கின்னியர் பாத்து வெச்ச எடம், ஒண்ணும் ஆகாதுன்னுட்டாரு. இப்ப நீங்களே வந்துட்டீங்க. சொல்லுங்கய்யா, பிள்ளைய வெச்சிக்கிட்டு இங்க இருக்கலாமா?"

இன்றைக்கே கிளம்பு என்பது தொண்டைவரை வந்துவிட்டது. சொன்னால், செய்த தப்பைத் தன் வாயாலேயே ஊருக்குச் சொன்னதாகும். மேலே பந்து கிடைத்துவிட்டதென்று கர்னல் கூப்பிட்டார்.

"பனி விழுறதுக்குள்ள புல்லு முளைச்சிரும்மா. தாராளமா இரு," என்றார் கின்னியர். தன் குரலே அவருக்குப் பயமாக இருந்தது.

ஏறிப் போய்த் தன் பந்தைத் தட்டினார். அது நேராகக் குழிக்குள் விழுந்தது. விழாவுக்கு வந்திருந்த விருந்தாளிகள் கைதட்டினார்கள். கீழே எல்ஸ்பெத் தொட்டில் துணியைச் சன்னலுக்கு வெளியே உதறிக்கொண்டிருந்தாள். உதறிய மணலைக் காற்று அப்படியே வீட்டுக்குள் திருப்பிக் கொண்டுபோனது.