அண்ணியின் கழுத்து

பதினொரு நாளாக அண்ணிக்குக் கழுத்து வலி. கூடவே தலைசுற்றல்.

ஆம்புலன்ஸ் கேட்டு வரும் அழைப்புகளை எடுப்பது அண்ணியின் வேலை. நான் அதே அறையில் பின் மேசை, இன்னும் பயிற்சியில் இருக்கிறேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அண்ணிக்கோ எதிர்முனையில் யார் எப்படி அலறினாலும் குரல் ஏறாது.

"பயப்படாம உள்ளதைச் சொல்லுங்க. சொன்னாத்தான் வண்டி அனுப்ப முடியும்."

அலறிய ஆள் உடனே தெருப் பெயரைச் சொல்வார். ஒவ்வொரு முறையும் எனக்குப் புல்லரிக்கும்.

அண்ணியின் வலது காதில் ஹெட்போன். வண்டிகளை அனுப்புகிறவர் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பார். அவர் ஏதாவது கேட்டால், இப்போதெல்லாம் அண்ணி கழுத்தை முழுக்கத் திருப்பி அவர் வாயையே பார்க்கிறார்.

"என்னம்மா, என் பல்லை எண்றியா?"

"ரெண்டு குறையுதுண்ணே" என்றார் அண்ணி.

வலி பொறுக்காமல் இன்று டாக்டரிடம் வந்தோம். வாசலிலேயே அண்ணி என்னை நிறுத்தினார்.

"இதோ பாரு விஞ்ஞானி, உள்ள வந்து வாயைத் திறக்காதே. டாக்டர் எதையாவது எழுதி வச்சா, ஆபீஸ்ல அந்த நாற்காலியில என்னை உட்கார விடமாட்டாங்க."

"நான் எங்க பேசிக் கிழிச்சேன் அண்ணி?"

டாக்டர் அண்ணிக்கு எதிரே உட்கார்ந்து தலையணை, கண்ணாடி என்று விசாரித்தார். எங்காவது விழுந்தீர்களா என்றார். ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. கழுத்தை அழுத்திப் பார்த்தார்.

"தசை ஒரு பக்கம் கல்லா இறுகியிருக்கு. அதனாலயும் தலை சுத்தலாம். காது எப்படி?"

"காதுக்கென்ன, நல்லாக் கேக்குது."

"அப்போ சரி. திடீர்னு கேக்காமப் போயிருந்தா உடனே மருந்து ஆரம்பிக்கணும். ரெண்டு வாரம் தாண்டினா திரும்பக் கேக்கறது கஷ்டம்."

அண்ணி விரல்களைப் பின்னிக்கொண்டார்.

நான் அவருக்கு இடப்பக்கம் இருந்தேன். "அண்ணி" என்று மெதுவாகக் கூப்பிட்டேன். டாக்டர் திரும்பினார். அண்ணி திரும்பவில்லை.

எழுந்து என் நாற்காலியை அவருடைய வலப்பக்கம் போட்டேன்.

"பயப்படாம உள்ளதைச் சொல்லுங்க அண்ணி. சொன்னாத்தான் வண்டி அனுப்ப முடியும்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, வேறு யாருக்காகவோ முகவரி சொல்வதுபோல், குரல் ஏறாமல் சொன்னார்:

"பதினொரு நாளா இடது காது சுத்தமாக் கேக்கல, டாக்டர்."