பாதி மாத்திரை

குடுவையை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்ததுமே தெரிந்துவிட்டது. நேற்று மாலை இளஞ்சிவப்பாக இருந்த திரவம் மஞ்சளாகிக் கலங்கிப் போயிருந்தது. கிருமி புகுந்துவிட்டது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் வைத்துப் பார்த்தான், செத்தவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வருவதுபோல. உயிரணுக்கள் சுருங்கி உருண்டு மிதந்தன. அவற்றுக்கு நடுவில் கிருமிகள் சந்தைக்கூட்டமாக நெளிந்தன. மற்ற குடுவைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். எல்லாம் மஞ்சள். ஞாயிற்றுக்கிழமைகளில்கூட வந்து தீனி போட்டு வளர்த்தவை.

ஆய்வுக்கூடத்தின் தலைவி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அவன் நின்ற நிலையிலேயே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

“மறுபடியுமா?”

“மறுபடியும்தான் மேடம்.”

“சரி, கொட்டிடுங்க. சாப்பிட்டுட்டு வந்து முதல்லேர்ந்து ஆரம்பிங்க.”

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. திட்டுவதற்கு அவருக்கும் தெம்பு இல்லை போலும்.

அந்தக் குடுவைகளில் இருந்தவை பெண்ணின் சினைப்பையிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட உயிரணுக்கள். மூளை அனுப்பும் ஹார்மோன் வந்து தொட்டால், முட்டையை முதிரவைக்கும் வேலையை அவை தொடங்க வேண்டும். ஸ்டீராய்டு மருந்தில் நெடுநாள் ஊறிய உயிரணுக்கள் அந்தத் தொடுகையைச் சட்டை செய்வதில்லை. மருந்தைப் பாதியாகக் குறைத்தால் மெல்ல மெல்லப் பணியத் தொடங்குகின்றன. இதைத்தான் போன வருடம் ஒரு கட்டுரையாக எழுதியிருந்தான். இத்தனை கால உழைப்பில் உருப்படியாக வெளிவந்த சமாச்சாரம் அது ஒன்றுதான். உலகத்தில் அதைப் படித்தவர்கள் எல்லோரும் ஒரே வேனில் ஏறிவிடுவார்கள் என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

இந்தத் துறைக்கு அவன் வந்ததற்குக் காரணம் தங்கை. வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பா. கல்யாணமாகி இன்னொரு வீட்டுக்குப் போன பிறகும் பாப்பாதான். பிறந்த சில நாட்களிலேயே பால் குடிப்பதை நிறுத்தி, ஈரத்துணி மாதிரி துவண்டுபோன குழந்தையை அம்மா தூக்கிக்கொண்டு ஓடியது அவனுக்கு நினைவிருக்கிறது. சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் பிறவிக் குறை. ஆபத்துக்குக் கைகொடுக்கும் கார்டிசால் அதில் சுரக்காது. உடம்பில் உப்பும் தங்காது. மூளை விரட்ட விரட்ட, அது ஆண் ஹார்மோனைத்தான் அள்ளிக் கொட்டும். வேளாவேளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை போட்டால் அவள் எல்லோரையும் போல ஒரு பெண். போடாவிட்டால் உயிருக்கே உலை. காய்ச்சல் வந்தால் மாத்திரையை இரட்டிப்பாக்க வேண்டும், வாந்தியில் மாத்திரை தங்கவில்லை என்றால் யோசிக்காமல் ஊசி போட வேண்டும் என்பதெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

ஆனால் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். மாநாட்டு மேடையில் முன்பின் தெரியாத கூட்டத்தின் நடுவே மாதவிலக்கு, கருமுட்டை என்று மூச்சுவிடாமல் பேசுகிறவன், தங்கையின் எதிரில் “மாத்திரை போட்டியா?” என்பதோடு நிறுத்திக்கொள்வான். அதற்குமேல் நாக்கு எழாது. அவளும் ஒரு “ம்” சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவாள். அம்மா இருந்தவரை அவன் அம்மாவிடம் கேட்பான், அம்மா அவளிடம் கேட்பாள், பதில் அதே வழியாகத் திரும்பி வரும். அம்மா போன பிறகு அந்த வழியும் அடைத்துக்கொண்டது. கல்யாணமாகி வருடங்கள் ஓடியும் பாப்பாவுக்குக் குழந்தை இல்லை. ஏன் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்தக் குடும்பத்தில் யாரும் இல்லை. அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை.

கடைசிக் குடுவையைத் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது தங்கையின் கணவர் போனில் கூப்பிட்டார்.

“மச்சான், வேலையா இருக்கீங்களா?”

“இல்லை, சொல்லுங்க மாப்பிள்ளை.”

“ஒண்ணுமில்லை, பாப்பாவுக்குக் காலைலேர்ந்து வாந்தி. எங்கம்மா முகமெல்லாம் சிரிப்பு. நல்ல சேதியாத்தான் இருக்கும்ங்கறாங்க.” அவர் குரலிலும் அந்தச் சிரிப்பின் ஓரம் ஒட்டியிருந்தது.

அவன் குடுவையைத் தொட்டியிலேயே விட்டான். “மாத்திரை போட்டாளா?”

“போட்டா. அதையும் சேர்த்துத்தான் எடுத்துட்டா.”

“இப்ப என்ன பண்றா?”

“தூங்கறா. கூப்பிட்டா ஏதோ உளர்றா. அசதி போல.”

“அது தூக்கம் இல்லை மாப்பிள்ளை. ஊசி இருக்குல்ல, உடனே போடுங்க. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க.”

அவர் குரல் தாழ்ந்தது. “அம்மா பயப்படறாங்க மச்சான். வயித்துல ஏதாவது இருந்தா, ஸ்டீராய்டு ஊசி அதுக்கு ஆகாதாம்...”

“நான் வர்றேன்.”

வீடு பக்கம்தான். வண்டியை எங்கே நிறுத்தினான் என்று பிறகு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. கதவைத் திறந்த பாப்பாவின் மாமியார் கையில் சர்க்கரை கரைத்த தண்ணீர் டம்ளர் இருந்தது. “வாப்பா, ஒரு வாய் குடிக்க மாட்டேங்கறா” என்றார். முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது. ஆனால் அது போனதை ஒப்புக்கொள்ள அவருக்கு இன்னும் மனமில்லை.

பாப்பா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தாள். தொட்டான். கை சில்லிட்டு, வேர்வையில் நனைந்திருந்தது. நாடி நூல் மாதிரி ஓடியது. “பாப்பா, நான் வந்திருக்கேன்” என்றான். “விளக்கை அணை, கண்ணு கூசுது” என்றாள். அறையில் விளக்கே எரியவில்லை.

மாப்பிள்ளை ஊசி டப்பாவைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே இரண்டு அடுக்காகச் சின்னப் புட்டி, மேலே தண்ணீர், கீழே மருந்துப் பொடி. அவன் மூடியை அழுத்தியதும் தண்ணீர் பொடியில் இறங்கியது. குலுக்கி ஊசியில் ஏற்றினான். ஒரு சொட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கை அளந்து விடுகிற கை அவனுடையது. ஆனால் மனித உடம்பில் அவன் இதுவரை ஊசி குத்தியதே இல்லை.

“இது குழந்தையைக் கொல்லாதுல்ல?” என்று மாமியார் கேட்டார். கோபமாக அல்ல, கெஞ்சலாக.

“இவ இருந்தாத்தானே அத்தை, மத்ததெல்லாம்.”

அவர் ஒரு கணம் அவனையே பார்த்தார். பிறகு டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுக் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, மருமகளின் தலையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார். தொடையில்தான் போட வேண்டும். அவன் கை நைட்டியின் விளிம்புவரை போய் அங்கேயே நின்றது. அந்த நிலைமையிலும் அந்தக் கூச்சம் வந்தது. பிறகு துணியோடு சேர்த்தே குத்தினான். பாப்பா “ஸ்...” என்றாள். சின்ன வயதில் முள் எடுக்கும்போதும் அப்படித்தான் சொல்வாள்.

ஆம்புலன்ஸ் கொண்டுபோய்ச் சேர்த்த ஆஸ்பத்திரியில், ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். உப்புநீர் பாட்டிலை ஏற்றினார்கள், வேகமாக ஓடவிட்டார்கள். இரண்டாவது பாட்டில் பாதி இறங்கியபோது பாப்பாவின் உதட்டுக்கு நிறம் வந்தது. கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள், “எல்லாரும் ஏன் இப்படி நிக்கறீங்க?” என்றாள். மாப்பிள்ளை வெளியே போய் நடைபாதைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முதுகு குலுங்கியது.

டியூட்டி டாக்டர் வந்தாள். இளம்பெண். எழுதிக்கொண்டே கேட்டாள். “கடைசியா பீரியட்ஸ் எப்ப?”

அவன் பழக்கதோஷத்தில் கதவை நோக்கித் திரும்பினான்.

“அண்ணா, இரு” என்றாள் பாப்பா.

நின்றான். சுவரில் ஒட்டியிருந்த, கை கழுவும் முறையை விளக்கும் படத்தில் கண்ணைப் பதித்துக்கொண்டான். அவள் பதில் சொன்னாள். அதற்கடுத்த கேள்விக்கும் சொன்னாள். சில மாதங்களாகவே சரியாக வரவில்லை என்றாள். மாத்திரையைப் பற்றிக் கேட்டபோது மட்டும் அவள் குரல் இறங்கியது. “பாதிதான் போட்டுட்டு இருந்தேன்.” டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். “நேத்து வயிறு சரியில்லை. அப்பவும் கூட்டலை.” டாக்டர் ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

ரத்தப் பரிசோதனை முடிவு மாலைக்குள் வந்தது. கர்ப்பம் இல்லை. மாமியார் அதைக் கேட்டு, “சரி, பிழைச்சு வந்தியே, அது போதும்” என்றார். அதை மனதாரத்தான் சொன்னார். ஆனாலும் சொல்லி முடித்ததும் கைப்பையைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடினார். பிறகு டீ வாங்கி வருவதாக மகனைக் கூட்டிக்கொண்டு கீழே போனார்.

இருவரும் தனியானார்கள். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“பாதியாக்கச் சொன்னது யாரு? அத்தையா?”

“பாவம், அவங்களுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது.”

“அப்ப யாரு?”

“நீதான்.”

அவனுக்குப் புரியவில்லை.

“உன் கட்டுரை நெட்டுல கெடைச்சுது. எழுத்து பாதிக்கு மேல தலைக்கு மேல போச்சு. ஆனா ஒரு படம் போட்டிருந்தியே, அது புரிஞ்சுது. முழு மருந்துக்குப் பக்கத்துல குட்டியா ஒரு கட்டம். பாதி மருந்துக்குப் பக்கத்துல உசரமா பச்சைக் கட்டம். எத்தனை தடவை பார்த்தேன் தெரியுமா?”

அந்தப் பச்சையைத் தேர்ந்தெடுக்க ஒரு மத்தியானம் முழுக்கச் செலவழித்தவன் அவன். கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்றுதான்.

“அது குடுவைல, பாப்பா. அதுங்களுக்கு ரத்த அழுத்தம் கிடையாது. வயித்துப்போக்கு வராது. உனக்கு இருக்கற குறையும் கிடையாது.”

“அதை எங்கயும் எழுதலையே.”

“என்னைக் கேட்டிருக்கலாம்ல.”

“எப்படிக் கேக்கறது?” அவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. “நீ அண்ணனாச்சே.”

அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். துடைத்ததையே திரும்பத் துடைத்தான். பிறகு சொல்ல வேண்டியதைச் சொல்லத் தொடங்கினான். அவள் விஷயத்தில் மருந்து குறைந்தால் ஆண் ஹார்மோன் ஏறும், ஏறினால் முட்டை வெளிவராது, மாதவிலக்கு தள்ளிப்போனது அதனால்தான் என்றான். மேடையில் சரளமாக வரும் சொற்கள் ஒவ்வொன்றும் இடறி இடறி வந்தன. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“அப்ப இத்தனை மாசமும் நானே கெடுத்துக்கிட்டேனா?”

இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. “ஆமா” என்றான். “நானும் சேர்ந்துதான்.”

அவள் அழுவாள் என்று நினைத்தான். அழவில்லை. உப்புநீர் ஏறிக்கொண்டிருந்த கையைப் பத்திரமாக நகர்த்தி, அவன் பக்கம் ஒருக்களித்தாள்.

“நேரா ஒண்ணு கேக்கறேன். சுத்தி வளைக்காம சொல்லு. எனக்கு ஆகுமா, ஆகாதா?”

“மருந்தை ஒழுங்கா வச்சுக்கிட்டு நிறைய பேர் பெத்திருக்காங்க. உனக்கு ஆகும்னு என்னால சொல்ல முடியாது. தெரியலை, பாப்பா.”

“இவ்வளவு படிச்சுமா?”

“இவ்வளவு படிச்சும்தான்.”

“சரி” என்றாள். போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடியும், “சரி” என்றாள். இருவருக்கும் களைப்பு.

சன்னலுக்கு வெளியே, எதிர்க் கட்டடத்து மொட்டைமாடியில், ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு பெண் ஒற்றை ஆளாக அவற்றை எடுத்து மடித்தாள். நீளமான விரிப்பின் ஒரு முனையை மோவாய்க்கு அடியில் இடுக்கிக்கொண்டு, இரு கைகளையும் முடிந்தவரை விரித்தாள். காற்று வந்து அதைப் பிடுங்கியது. பிடித்து இழுத்து மறுபடியும் இடுக்கிக்கொண்டாள். பாப்பா தலையணையிலிருந்து லேசாகத் தலையைத் தூக்கி அதையே பார்த்தாள். அவனும் பார்த்தான். மடித்த விரிப்புகள் ஒரு பக்கம் ஏறிக்கொண்டே போயின. கயிற்றில் இன்னும் நிறைய இருந்தன.