ஃபெலிம் பேரில் நான் போட்ட மூன்று கோல்

ஃபெலிம் செத்துப்போனதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்தான். ஆனால் அவனோடு சேர்த்து என் ஆட்டத்தையும் புதைக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், அந்த வருத்தத்தில் பாதிக்கு மேல் எனக்கே வேண்டியதாகிவிட்டது.

ஊருக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். நியூயார்க்கில் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்த காலத்தில், ஃபெலிம் அங்கே எங்கள் நாட்டு மட்டைப் பந்தாட்டமான ஹர்லிங்கின் இறுதி ஆட்டம் ஒன்றில் தனியாளாக மூன்று கோல் போட்டான். பிறகு மட்டையைத் தொடவே இல்லை. எப்பேர்ப்பட்ட அடக்கம் என்று பாதிரியார் பிரசங்கத்திலேயே சொல்வார்.

அடக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. அவனுக்குத் தட்டைப் பாதம். நின்றுகொண்டிருக்கும் பஸ்ஸையே அவனால் ஓடிப் பிடிக்க முடியாது. அன்றைக்கு ஆடியது நான்.

அந்தக் காலத்தில் அது சகஜம். அங்கே கிளப்பில் ஆள் குறைந்தால் வெள்ளிக்கிழமை இங்கிருந்து ஒருவனை விமானத்தில் ஏற்றுவார்கள். அங்கிருப்பவன் ஒருவனின் பேரில் ஆடிவிட்டுத் திங்கட்கிழமை பால் கறக்க வந்துவிடுவான். பிடிபட்டால் ஆடத் தடை. எனக்குக் கிடைத்தது ஃபெலிமின் பேர்.

இங்கே நான் கோலுக்குப் பக்கத்தில் மூலையில் நிற்கிற தடுப்பாட்டக்காரன். என் வேலை, கோல் போட வருகிறவனின் விலா எலும்புகளை விசாரிப்பது. நடுக்கோட்டைத் தாண்டினேன் என்றால் என் அம்மாவே நம்பமாட்டாள். இருபது வருஷம் ஆடி ஒரு கோப்பையைத் தொட்டதில்லை. அங்கே என்னை முன்வரிசையில் நிறுத்திவிட்டார்கள். வெயிலில் நடுவர் உருகிப் பாதியாகிவிட்டார். மூன்றாவது கோலுக்கு முன் பந்து வானத்திலிருந்து இறங்கியபோது இடது கையை நீட்டிப் பிடித்தேன். எதிரணியில் ஆடிய ஒரு போலீஸ்காரன் முன்னால் நின்றான், கதவு அகலத்துக்கு. அவன் மட்டையை வீசிய வீச்சில் என் மோதிர விரல் முறிந்த சத்தத்துக்குப் பக்கத்துத் தெரு நாய்கள் குரைத்தன. அந்தக் கையோடுதான் அடித்தேன்.

சுங்கத்தில் கேள்வி வரும் என்று மட்டையை ஃபெலிமிடம் விட்டுவிட்டு வந்தேன். மாட்டுக்கொட்டகைக் கதவில் விரல் சிக்கிவிட்டது என்று வீட்டில் சொன்னேன். அந்த விரல் இன்றுவரை கொக்கியாகத்தான் இருக்கிறது. தடைக்குப் பயந்து சில வருஷம் வாயைத் திறக்கவில்லை. ஃபெலிம், மனைவி ஈட்டாவோடு ஊர் திரும்பி ஆணிக்கடை வைப்பதற்குள், கதை அவனுக்கு முன்னால் வந்து குடியேறியிருந்தது. போகப்போக அதை அவன் பேரிலேயே எல்லோரையும்விட நன்றாகச் சொல்கிறவன் நானாகிவிட்டேன். நான் கடைக்குப் போனால் அவன் என் கண்ணைப் பார்க்காமல் ஆணியை எடைபோடுவான்.

சாவு வீட்டில் அவனைத் திறந்த பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். நியூயார்க்கிலிருந்து வந்த மகன் கோர்மக், சமையலறையில் அந்த மட்டையை என்னிடம் நீட்டினான்.

"பூசையில இதை நீங்கதான் பீடத்துக்குத் தூக்கிட்டுப் போகணும், மர்ட். அப்பாவோட ஆட்டத்தை உங்களை மாதிரி சொல்ல ஆளில்லை."

இனிமேல் விட்டால் போச்சு என்று பட்டது. "கோர்மக், அந்த மூணு கோலும் நான் போட்டது" என்றேன்.

அவன் திகைப்பதற்குள், டீ ஊற்றிக்கொண்டிருந்த டின்னி திரும்பினான். டின்னி என்னோடு இருபது வருஷம் ஆடியவன்.

"ஏன்டா, அந்த பிளேனையும் நீதானே ஓட்டின?"

"நெஜமாத்தான்டா."

"போன வருஷம் நீ அடிச்ச பந்து கோயில் கோபுரத்தைத் தாண்டி ஆத்துல விழுந்து சால்மன் மீனைக் கொன்னுச்சே, அதுவும் நெஜம்தானே?"

எல்லோரும் சிரித்தார்கள். கோர்மக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். மீன் விஷயம் முழுப்பொய் இல்லை. சிறிய மீன், அவ்வளவுதான்.

பூசையில் மட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன். அடக்கம் முடிந்து ஹோட்டலில் சூப்பும் சாண்ட்விச்சும் வந்தன. பாதிரியார் கரண்டியால் கோப்பையைத் தட்டினார்.

"மர்ட், ஃபெலிமோட ஆட்டத்தைச் சொல்லுங்க. பக்கத்துல நின்னு பார்த்த மாதிரி சொல்வீங்களே."

சொன்னேன். முதல் கோலுக்கு வலை கிழிந்தது. இரண்டாவதற்குக் கோல்கீப்பர் வேலையையே விட்டுவிட்டான். கூடம் மொத்தமும் குலுங்கியது. மூன்றாவதற்கு வந்தபோது என் உடம்பு நான் சொல்லாமலேயே எழுந்துகொண்டது. கையும் மேலே போனது.

"பந்து இறங்குது. பிடிச்சாச்சு. போலீஸ்காரன் வீசறான். மோதிர விரல், இந்தக் கணுவுல, மடக்குன்னு போச்சு. விட்டானா?"

சிரிப்பு வரவில்லை. ரெண்டு நாளாக எல்லோரும் பெட்டிக்கருகே நின்று ஃபெலிமின் கைகளைத் தொட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஜெபமாலை சுற்றிய விரல்கள், அவன் விற்ற புது ஆணிகளைப் போல நேராக இருந்தன.

"அப்பாவுக்கு விரல் உடைஞ்சதா? என்கிட்ட சொன்னதே இல்லையே" என்றான் கோர்மக்.

ஈட்டா சூப் கரண்டியைக் கீழே வைத்தாள். "எந்தக் கை, மர்ட்?"

என் இடது கை இன்னும் எல்லோர் தலைக்கும் மேலே நின்றது. டின்னி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒன்றும் சொல்லவேண்டாம், கையை அப்படியே வைத்திருந்தால் போதும். கோர்மக்கின் மடியில் அப்பாவுடையது என்று அவன் நினைத்த மட்டை இருந்தது. குழந்தையைப் பிடிப்பதுபோல் அதைப் பிடித்திருந்தான்.

கையை இறக்கினேன்.

"அமெரிக்க டாக்டருங்க நேராக்கிட்டாங்க. அவங்க வாழைப்பழத்தையே நேராக்கிடுவாங்க. நம்ம ஊர் டாக்டர்கிட்ட போனேன், என் கதி இது."

கூடம் சிரித்தது. டின்னி மட்டும் சிரிக்காமல், "உனக்குக் கொட்டகைக் கதவுதானேடா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"அதே கதவுதான்" என்றேன்.

வாசலில் ஈட்டா எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தாள். என் முறை வந்தபோது கையை விட்டுவிட்டு அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குப் பொய் சொல்லவே வரலை, மர்ட்."

"எப்பலேருந்து தெரியும்?"

"கல்யாணத்தன்னிக்கு அவர் என்கூட டான்ஸ் ஆடினார். அந்தக் காலா மூணு கோல் போட்டிருக்கும்? நீயா வந்து உன் ஆட்டத்தைத் திருப்பிக் கேப்பேன்னு பாத்துட்டே இருந்தேன்."

பின்னால் வரிசை நெருக்கியது. அவள் விரலை விட்டாள்.

காரடிக்குக் கோர்மக் ஓடி வந்தான். "அப்பாவோட மட்டை. நீங்க வச்சுக்கங்க. கதையை மட்டும் சொல்லிட்டே இருக்கணும்" என்றான்.

நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். பிடியில் நான் சுற்றிய பழைய துணி அப்படியே இருந்தது. கை வைத்துப் பார்த்தேன். எல்லா விரலும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது, அந்த ஒன்றைத் தவிர. நான் அந்தத் துணியைச் சுற்றியபோது அந்த விரல் நேராக இருந்தது.