பதினாறு லீற்றர்

இரண்டாயிரத்து மூண்டாம் ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். சிட்னி பென்டில் ஹில்லில தன்ர சொந்த வீட்டுக் கராஜுக்குள்ள, காருக்குப் பக்கத்தில, மகேந்திரராஜா கள்ளன் மாதிரிப் பயந்து பயந்து தண்ணி அளந்துகொண்டிருந்தார். றோட்டால ஒரு கார் போனாலும் அளக்கிறதை நிப்பாட்டிக் காது குடுத்தார். மனுசி யோகா வேலை முடிஞ்சு சிநேகிதியோட ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போறா, ஒன்பதுக்கு முன்னம் வரமாட்டா எண்டு தெரியும். தெரிஞ்சும் பயம்.

பயப்படாமல் என்ன செய்யிறது! நாலு வருசத்துக்கு முன்னம் ஒரு கலியாண வீட்டில குடிச்சுப்போட்டு வந்து காரை மரத்தில சாத்தினவர். யோகாவுக்குக் கையில ரெண்டு எலும்பு முறிஞ்சுது. ஆஸ்பத்திரிக் கட்டிலடியில நிண்டு, அவவின்ர தலையில கை வைச்சு, "இனிக் குடிக்க மாட்டன்" எண்டு அழுதழுது சத்தியம் பண்ணினார். சத்தியம் பிழைச்சால் பண்ணினவருக்கு ஒண்டும் வராது, தலைக்குச் சொந்தக்காரிக்குத்தான் வரும். நல்ல நியாயம்தான், போங்கோ.

மெல்பேர்ணில இருக்கிற கூட்டாளி இந்திரகுமார்தான் வழி காட்டினது. "மச்சான், நீ குடிக்க மாட்டனெண்டுதானே சொன்னனீ? காய்ச்ச மாட்டனெண்டு சொல்லேல்லையே!" அந்த ஒரு சொல்லில மனுசன் எடுபட்டுப் போனார்.

பியர் காய்ச்சிற முறை ஈமெயிலில வந்திருந்துது. பாதிச் சத்து முளைகட்டின பார்லியில இருந்து, மீதி ரின்னில அடைச்சு வாற பாகில இருந்து. ரெண்டு கிலோ பார்லியை இடிச்சு, துணிப்பையில கட்டி, சுடுதண்ணியில ஒரு மணித்தியாலம் ஊறவைக்கவேணும். பிறகு பையைத் தூக்கி இன்னும் சுடுதண்ணியால கழுவவேணும். கடைசியில பானையில நிக்கவேண்டியது பன்னிரண்டு லீற்றர். "தானியம் குடிக்கிற தண்ணியையும் சேர்த்து ஊத்து" எண்டு எழுதினவன், எவ்வளவு குடிக்கும் எண்டு எழுதேல்லை.

மகேந்திரராஜா சும்மா ஆள் இல்லை. சிட்னியின்ர மழைத்தண்ணி எந்தக் குழாயால எவ்வளவு ஓடும் எண்டு பகல் முழுக்கக் கணக்குப் பாக்கிற இஞ்சினியர். அவருக்கு இதென்ன பெரிய கணக்கு? ஒரு சுண்டு அரிசிக்கு ரெண்டு சுண்டு தண்ணி. அப்ப ரெண்டு கிலோ பார்லி நாலு லீற்றர் குடிக்கும். பன்னிரண்டும் நாலும் பதினாறு. ஊறவைக்க ஆறு, கழுவ பத்து. அரிசிக் கணக்கிலயிருந்து எல்லாத்தையும் கடதாசியில எழுதி அடிக்கோடும் போட்டார்.

ஆனால் பையைத் தூக்கிக் கழுவி முடிக்க, பானையில பதினாலு நிண்டுது. பானை பிடிக்கிறதே பதினைஞ்சு. பயத்தில புத்தி வேலை செய்யேல்லை, ரின் பாகையும் கவிட்டு ஊத்திப்போட்டார். தண்ணி விளிம்பில வந்து தளம்பிச்சுது. கொதிச்சால் வத்தும்தானே எண்டு காஸ் அடுப்பைக் கூட்டிவிட்டார். முன்வீட்டுக் கலா அன்ரி மணந்துபிடிப்பா எண்டு கராஜ் கதவை முதலே இறக்கியாச்சு. எண்டாலும் மனம் கேக்கேல்லை. குசினிக்குள்ள ஓடிவந்து இந்திரகுமாருக்கு ஃபோன் எடுத்தார்.

"பதினாறோ?" அவன் விழுந்து விழுந்து சிரிச்சான். "டேய், அது என்ன சோறே? உமி பிடிச்ச தானியமடா. கிலோவுக்கு ஒரு லீற்றர்தான் குடிக்கும். நுரைச்சுப் பொங்கப் போகுது, ஓடிப்போய் அடுப்பை நிப்பாட்டு!"

ஃபோனை வைக்கவும் முன்கதவு திறக்கவும் சரியாயிருந்துது.

"சிநேகிதிக்குக் காய்ச்சலாம், கோயில் பயணம் நிண்டுபோச்சு" எண்டபடி யோகா குசினிக் கதிரையில வந்து இருந்தா. "இஞ்சாருங்கோ, ஒரு தேத்தண்ணி போடுங்கோவன்."

கராஜுக்குப் போற கதவு அவவின்ர கதிரைக்குப் பின்னால. திறந்தால் எல்லாம் அம்பலம். தேத்தண்ணி போட்டார், பாதி மேசையில ஊத்துப்பட்டுது.

"என்ன மணம் இது? ஆரோ சீனிப்பாகு காய்ச்சின மாதிரி?"

"பக்கத்து வீடாக்கும்."

பத்து நிமிசம், பத்து யுகம். கடைசியில அவ எழும்பினா. "வெள்ளிக்கிழமை. முகம் கழுவி விளக்கேத்திப்போட்டு வாறன்."

அவ போக இவர் கராஜுக்குள்ள பாய்ஞ்சார். பானை பொங்கி வழிஞ்சு, அடுப்பு நெருப்பு நூந்து கிடந்துது. காஸ் மட்டும் உஸ்ஸெண்டு வந்துகொண்டிருந்துது. மணம் மூக்கை அடைச்சுது. சிலிண்டரின்ர திருகு பாகு பட்டு வழுக்கிச்சுது. ரெண்டு கையாலயும் பிடிச்சு, முனகி, கடைசியில ஒருமாதிரிப் பூட்டினார். கராஜ் கதவின்ர பொத்தானுக்குக் கை நீட்டினவர் நெருப்புச் சுட்டமாதிரி இழுத்துக்கொண்டார். அது மோட்டர். பொறி ஒண்டு பறந்தால் காணும், எல்லாம் வெடிச்சுப்போகும்.

அப்பத்தான் கேட்டுது, குசினிக்குள்ள காலடிச் சத்தம். கூடவே சாம்பிராணி மணம்.

ஐயோ! வெள்ளிக்கிழமை எண்டால் யோகா தணல் சட்டியோட வீடு முழுக்கப் புகை காட்டுவா. கடைசியாக் கராஜுக்கு வருவா. அந்த மரத்தில மோதினதுக்குப் பிறகு, காருக்குச் சாம்பிராணி காட்டாத வெள்ளிக்கிழமை கிடையாது.

கதவுக்குப் பூட்டு இல்லை. ஓடிப்போய் முதுகைக் குடுத்து நிண்டார். அங்கால இருந்து அவ தள்ளினா.

"ஏன் கதவு இறுகிப்போய்க் கிடக்கு? உள்ளுக்கோ நிக்கிறீங்கள்?"

"வராதையும், யோகா!"

"என்னத்தை ஒளிக்கிறீங்கள்?" இன்னும் பலமாத் தள்ளினா. கதவு அரை அங்குலம் விலகிச்சுது, இடுக்கால ஒரு கீற்றுப் புகை வந்துது. பாதம் பாகில வழுக்குது. நாலு வருசத்துக்கு முன்னம் கை வைச்ச அந்தத் தலை கதவுக்கு அங்கால, தணலுக்குப் பக்கத்தில.

"பியர் காய்ச்சினனான்!" மனுசன் ஓவெண்டு கத்தினார். "காஸ் லீக், யோகா! நெருப்போட வராதை! போ! தண்ணியை ஊத்து!"

தள்ளல் நிண்டுது. பிறகு காலடி விலகிப் போக, குசினித் தொட்டியில தணல் சீறி அணையிறது கேட்டுது. அந்தச் சத்தம் கேட்டபிறகுதான் அவருக்கு மூச்சு வந்துது.

கரண்ட் போனால் இழுக்கிற சிவப்புக் கயிறு ஒண்டு மோட்டரில தொங்கினது. அதை இழுத்து, கராஜ் கதவைக் கையால தூக்கினார். வெளிக் காத்து உள்ளுக்கு வந்துது. யோகா முன்வாசலால சுத்திவந்து, நனைஞ்ச சட்டியை இன்னும் கையில பிடிச்சபடி, கார் விடுற பாதையில நிண்டா.

உள்ளுக்கு வந்து பானையைப் பாத்தா, கடதாசியை எடுத்துப் பாத்தா. "பதினாறோ? சோத்துக் கணக்கே போட்டனீங்கள்?"

அவர் கண்ணீர் வழிய, பாகு பிசுபிசுக்கிற கையை அவவின்ர தலைப்பக்கம் நீட்டினார். "இனிச் சத்தியமா, யோகா, உம்மட தலையில..."

யோகா சடாரெண்டு ரெண்டடி பின்னுக்குப் போனா.

"என்ர தலையில தொடாதேங்கோ" எண்டா. அவரின்ர கையைப் பிடிச்சுத் திருப்பி, அவரின்ர மொட்டந்தலையிலயே கொண்டுபோய் வைச்சா. "இப்ப சொல்லுங்கோ."

மகேந்திரராஜா வாயைத் திறந்தார். தலையில இருந்த கையை மெல்ல எடுக்கப் பாத்தார். முந்தி அவவின்ர தலையில வைச்சுச் சொன்னபோது இந்தப் பயம் அவருக்கு வரேல்லை.