நடுக்காலுக்கு அடியில்

எங்கள் ஊர் மலைமேல் அரியூர் நாட்டில், ஓடைக்கு இந்தப் பக்கம். ரோடு அந்தப் பக்கம். நடுவே ஒரு பாலம். அன்றைக்குக் காலையிலிருந்து என் மகன் வேல்முருகனின் லாரி பாலத்து முனையில் நின்றுகொண்டிருந்தது. லாரி நிறைய குச்சிக்கிழங்கு மூட்டை. பாதி எங்களுடையது, பாதி பக்கத்துக் காட்டு மாதம்மாளுடையது. கிழங்கைப் பிடுங்கி ஒருநாள் ஆகிவிட்டது. இன்னும் ஒருநாள் போனால் உள்ளே கறுத்துவிடும். ஜவ்வரிசி மில்லில் வாங்க மாட்டார்கள்.

லாரியை நிறுத்தியவள் நாமக்கல்லிலிருந்து வந்த இன்ஜினியர். பிரபாவதி என்று பெயர். போன ஐப்பசி மழையில் ஓடை பொங்கி, பாலத்தின் நடுக்காலைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்கு மண்ணை அரித்துக்கொண்டு போய்விட்டது. பாலம் தாங்குமா என்று பார்த்து எழுத அவளை அனுப்பியிருந்தார்கள்.

ஆபீஸ் காகிதம் எதையும் நான் நம்பினதில்லை. ஒருமுறை ரேஷன் கார்டில் என்னைச் செத்தவன் என்று எழுதி வைத்திருந்தார்கள். உயிரோடு இருக்கிறேன் என்று காட்ட நாலு தடவை மலை இறங்க வேண்டியிருந்தது.

அவள் கைக்கு அடக்கமான ஒரு கருவியை நடுக்காலில் வைத்து அழுத்தினாள். டக் என்றது. ஏதோ நம்பரைக் குறித்துக்கொண்டாள். இன்னொரு இடத்தில் டக்.

"ஏனுங்க அம்மிணி, பாலத்துக்கு ஊசி போடறீங்களா?" என்றேன்.

"காய்ச்சல் இருக்குதான்னு பாக்கறேங்க ஐயா." சிரிக்காமல் சொன்னாள்.

"இருக்குதுங்களா?"

"மேல இல்லீங்க. கான்கிரீட் கெட்டியாத்தான் இருக்குது."

"அப்பறம் என்ன, வண்டிய உடச் சொல்லுங்க," என்றாள் மாதம்மாள். "என்ற கிழங்கு மூட்டைக்குள்ளயே வெந்துரும்."

"போன வாரம் வரைக்கும் இதே லோடோட போயிட்டுத்தானுங்க இருந்தேன்," என்றான் வேல்முருகன்.

"போன வாரம் போச்சுன்னு இன்னைக்கும் போகும்னு சொல்ல முடியாதுங்க. நடுக்கால் பாறை மேல நின்னா மண்ணு போனதப் பத்திக் கவலையில்ல. ஆயிரம் லோடு போலாம். பாறை இல்லீன்னா, ஏதோ ஒரு லோடுக்கு எறங்கிரும். அது எந்த லோடுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"கீழ பாத்துட்டுச் சொல்றது?" என்றான் அவன்.

"தொளை போடற மெஷின் வரணுங்க. ஒரு மாசம் ஆகும். ஆனா பழைய பைல்ல இருக்குதுங்க." காகிதத்தைப் புரட்டிப் படித்தாள். "நடுக்கால், அடியில் பாறை." தலையை ஆட்டினாள். "அப்பச் சரிங்க. கையெழுத்துப் போட்டுடறேன்."

வேல்முருகன் லாரியில் ஏறி ஸ்டார்ட் செய்தான்.

அந்தக் காகிதத்தில் இருந்தது என் வாய்ச்சொல்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அந்தக் காலுக்குக் குழி தோண்டியவர்கள் நானும் அர்த்தனாரியும். அர்த்தனாரி இப்போது இல்லை. ஆள் ஆழம் போனதும் கடப்பாரை கல்லில் பட்டது. ஒரு பக்கம் குத்தினால் ணங் என்றது. மறுபக்கம் குத்தினால் மொத்தென்றது. பாறை என்றால் எங்கே குத்தினாலும் ஒரே சத்தம் வர வேண்டும். வெள்ளத்தில் உருண்டு வந்து மண்ணில் உட்கார்ந்த குண்டுக்கல்லாகவும் இருக்கலாம். இன்னும் ரெண்டு முழம் தோண்டியிருந்தால் தெரிந்திருக்கும்.

ஆனால் அன்று சாயங்காலம் மாரியம்மனுக்கு நோன்பு சாட்டுகிறார்கள். சாட்டிவிட்டால் பதினைந்து நாளைக்கு எங்கள் ஊரில் யாரும் மண்ணில் இரும்பு போட மாட்டோம். கான்கிரீட் போட வெளியூர் ஆட்கள் இருந்தார்கள், தோண்டுவது நாங்கள்தான். மழை வேறு கறுத்துக்கொண்டு வந்தது. குழி தூர்ந்துபோகும். மேலே குடை பிடித்து நின்ற ஓவர்சியர், "பாறையா?" என்று கேட்டான். "பாறைங்க," என்று கத்தினேன். அவன் இறங்கிப் பார்க்கவில்லை. எழுதிக்கொண்டான்.

அதன் பிறகு அந்தக் காலுக்கு மேலே போகும்போதெல்லாம் என் நடை தானாக வேகமெடுக்கும்.

"அம்மிணி, கையெழுத்துப் போடாதீங்க. அத எழுதினவன் குழியப் பாக்கவே இல்லீங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பாறைன்னு சொன்னவன் நாந்தான். பாறையான்னு தெரியாமத்தான் சொன்னேன்."

நோன்பு சாட்டினது, கடப்பாரைச் சத்தம், எல்லாவற்றையும் சொன்னேன். வேல்முருகன் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தான்.

"பதினோரு வருஷமா இதும்மேல லோடு ஓட்டறேன். இப்பத்தான் உங்களுக்கு வாய் வந்துச்சுங்களா?"

"நேத்து ஞாபகம் வந்திருந்தா நான் கிழங்கப் பிடுங்கியே இருக்க மாட்டேன்," என்றாள் மாதம்மாள். "கெழவனுக்கு நேரம் பாத்துத்தான் வருது."

பிரபாவதி திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. மொத்தென்றது எந்தப் பக்கம், எத்தனை அடியில் என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். என் பேரையும் எழுதினாள்.

"என்ன எழுதினீங்க? படிங்க."

"அடியில் பாறை என்பது உறுதியில்லை. குழி தோண்டிய சின்னுசாமி சொன்னது."

"இன்னொருக்காப் படிங்க."

படித்தாள். பிறகு வேல்முருகனிடம், "காலி வண்டி மட்டும் போகட்டுங்க. மெதுவா," என்றாள்.

மூட்டைகளை இறக்கினோம். ஊரில் இருந்தவர்கள் வந்து ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் தூக்கிப் போனார்கள். மாதம்மாள் திட்டிக்கொண்டே தூக்கினாள். வேல்முருகன் என் முகத்தைப் பார்க்காமல் தூக்கினான். உச்சி சாய்ந்தும் பாதி மூட்டைதான் போயிருந்தது. கடைசி மூட்டை போன பிறகு வேல்முருகன் லாரியில் ஏறி உட்கார்ந்தான்.

நான் ஓடைக்குள் இறங்கி நடுக்காலில் உள்ளங்கையை வைத்தேன்.

"ஐயா, அங்க நிக்காதீங்க," என்று கரையிலிருந்து பிரபாவதி கூப்பிட்டாள். நடுக்கால் இறங்குகிறதா என்று பார்க்க, மூன்று கால் வைத்த ஒரு கருவியை அதன் பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

"நான் சொன்ன பாறைங்க. நான் நின்னுக்கறேன்."

லாரி தலைக்கு மேலே ஊர்ந்தது. உள்ளங்கைக்கு அடியில் கால் அதிர்ந்தது. எப்போதும் இப்படித்தான் அதிருமா, இன்றைக்குத்தானா, எனக்கெப்படித் தெரியும்? ஒருநாளும் நான் தொட்டுப் பார்த்ததில்லை. சத்தம் அந்தப் பக்கம் போய் நின்றது.

"என்னங்க, எறங்குச்சுங்களா?" என்று வேல்முருகன் அங்கிருந்து கத்தினான். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு என்னோடு பேசாதவன்.

"தெரியலடா," என்று கத்தினேன்.