எதிராளி கையில் கொடுத்த தீர்ப்பு

வழக்கு ஜெயிக்கிற பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. அதை நடுவழியில் நிறுத்தியது எதிர்த்தரப்பு இல்லை. கோஸ்லிங்குக்காக வாதாடிய ஹில்டா ரென்ஷாவேதான்.

பெர்னார்ட் கோஸ்லிங்குக்கு பெர்மண்ட்சியில் ரயில் பாலத்தின் வளைவுக்கு அடியில் பட்டறை. லண்டனின் கறுப்பு டாக்ஸிகளுக்கு வைத்தியம் பார்க்கிற இடம். எண்பத்து மூன்றிலிருந்து அங்கேதான் இருக்கிறார். பட்டறைக்குள் வண்டி வர ஒரே ஒரு வழி, பக்கத்து நிலத்தில் ஓடும் ஒன்பதடிச் சந்து. நிலம் டாரன்ட் என்ற கரி வியாபாரியுடையது. அவர் செத்து வெகுநாள் கழித்து, மகள் அதை அடுக்குமாடி கட்டுகிற ஒரு கம்பெனிக்கு விற்றாள். கம்பெனி போன வருஷம் வந்தது, வந்த கையோடு சந்து வாயில் இரும்புக் கதவைப் போட்டது. சந்து போனால் பட்டறை போகும். பட்டறை போனால் அறுபத்தெட்டு வயதில் கோஸ்லிங்குக்கும், அவரை நம்பியிருக்கிற நாலு மெக்கானிக்குகளுக்கும் ஒன்றுமில்லை.

சட்டம் அவருக்குச் சாதகமாக இருந்தது. இருபது வருஷம் யாரையும் கேட்காமல், ஒளிக்காமல், சண்டை போடாமல் ஒரு வழியில் போய்வந்தால் அது உரிமையாகிவிடும். ஆனால் நிலத்துக்காரன் 'போய்க்கோ' என்று விட்டிருந்தால் அது வெறும் தயவு. தயவு நூறு வருஷமானாலும் உரிமை ஆகாது.

வழக்கை ஹில்டாவிடம் கொடுத்தவன் ராய் ஸ்டபிங்ஸ். லண்டனின் வக்கீல் பேட்டையான லிங்கன்ஸ் இன்னில் இருபத்தாறு பாரிஸ்டர்கள் சேர்ந்து நடத்துகிற சேம்பர்ஸுக்கு அவன் தலைமை கிளார்க். அத்தனை பேரும் பிழைப்பது நிலத்தையும் வீட்டையும் வைத்துத்தான்: சுவர், குத்தகை, சாக்கடை, பக்கத்து வீட்டு மரத்தின் வேர். பதினாறு வயதில் பள்ளிக்கூடம் அவனைக் கைவிட்டது, அவனும் அதைக் கைவிட்டான். கேஸ் கட்டுகளைத் தள்ளுகிற வண்டியோடு இங்கே நுழைந்து முப்பத்தெட்டு வருஷமாகிறது. எந்த வழக்கு எந்த பாரிஸ்டருக்கு என்று முடிவு செய்வது இப்போது அவன்தான். அவர்களில் யார் கெட்டிக்காரர், யார் கெட்டிக்காரர் மாதிரி பேசுகிறவர் என்று அவனுக்குத் தெரியும். இரண்டாவது ரகம்தான் அதிகம்.

கம்பெனிக்கு வாதாடிய பியர்ஸ் ஹாலோவேயும் அதே சேம்பர்ஸ்தான். ஹில்டாவுக்கு அடுத்த அறை. லிங்கன்ஸ் இன்னில் இதற்கு யாரும் புருவம் உயர்த்துவதில்லை. உயர்த்தியவர் கோஸ்லிங். வழக்கின் இரண்டாம் நாள் மத்தியானம் கழிப்பறை தேடிப் போனவர், சாப்பாட்டுக் கூடத்தில் அவர்கள் இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டார். நேராக ராயிடம் வந்தார்.

"தம்பி, அந்தம்மா என் ஆளா, அவன் ஆளா?"

"உங்க ஆளுதான்ணே."

"அப்புறம் எதுக்கு அவனுக்கு உப்பு எடுத்துக் குடுக்குது?"

"கேட்டிருப்பாரு."

கோஸ்லிங் அவனை மேலும் கீழும் பார்த்தார். வழக்கின் காகித வேலையெல்லாம் பார்க்கிற தன்னுடைய சொலிசிட்டரிடமும் புகார் சொன்னார். பாரிஸ்டர்கள் எல்லாரும் அப்படித்தான் என்றாள் அந்தப் பெண். அது அவருக்குச் சமாதானமாகப் படவில்லை.

அன்று நாலு மணிக்குக் கோர்ட் கலைந்தது. நாள் நன்றாகவே போயிருந்தது. வேறு யாராக இருந்தாலும் ரயிலைப் பிடித்திருப்பார்கள். ஹில்டா, சேம்பர்ஸின் பழைய தீர்ப்புகள் இருக்கிற நிலவறைக்கு இறங்கினார். கம்பெனியின் சாட்சியாக வந்த டாரன்டின் மகள் முதல் நாள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். அப்பா ஒவ்வொரு கிறிஸ்துமஸ் அன்றும் சந்துக்குக் குறுக்கே சங்கிலி மாட்டிப் பூட்டுவார், மறுநாள் கழற்றுவார் என்று. கோஸ்லிங் அன்றைக்கு வேலை செய்வதில்லை, அதனால் சங்கிலியைப் பார்த்ததே இல்லை. பியர்ஸ் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். ஹில்டாவுக்கு அது முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

ராய் டீ கொண்டுபோனபோது அவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் அலமாரி முன் நின்றிருந்தார். கையில் அச்சிலேயே ஏறாத, டைப் அடித்துக் கட்டிவைத்த பழைய தீர்ப்பு ஒன்று. நாற்பது வருஷத்துக்கு முந்தையது. வடக்கே ஏதோ ஊரில் படகுத்துறைக்குப் போகிற ஒரு பாதை. நிலத்துக்காரர் ஒவ்வொரு புனித வெள்ளிக்கும் அதை மூடுவார். வருஷத்தில் ஒரு நாள் மூடுகிறவன் மீதி நாளெல்லாம் அனுமதி தருகிறான் என்றுதான் அர்த்தம், அனுமதியில் நடந்தவனுக்கு உரிமை கிடையாது, மூடியது அவன் கண்ணில் படாவிட்டாலும் சரி என்று அந்த நீதிபதி எழுதியிருந்தார்.

ராய் இரண்டு முறை படித்தான். கோஸ்லிங்கின் கழுத்துக்கு அளவெடுத்துச் செய்த சுருக்கு மாதிரி இருந்தது.

"பியர்ஸ் சாருக்கு இது தெரியுமா மேடம்?"

"தெரிஞ்சிருந்தா இன்னிக்கே என்னத் தோலுரிச்சிருப்பான்." டீயை வாங்கி ஒரு வாய் குடித்தார். "இத நாலு காப்பி எடுங்க ராய். ஒண்ணு பியர்ஸுக்கு."

விதி அதுதான். தன் கட்சிக்கு எதிரான தீர்ப்பு ஒன்று இருப்பது தெரிந்தால், எதிராளி கோட்டைவிட்டிருந்தாலும் பாரிஸ்டர் அதைக் கோர்ட்டில் காட்டியாக வேண்டும். எல்லா பாரிஸ்டருக்கும் இந்த விதி மனப்பாடம். அதனால்தான் ஜெயிக்கிற நாளின் சாயங்காலத்தில் பலர் நிலவறைப் பக்கம் போவதில்லை. படிக்காததைக் காட்ட வேண்டியதில்லையே. அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேருக்கு ராய் டீ கொடுத்திருக்கிறான். அவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ரயிலுக்கு நேரமாகியிருக்கும், அவ்வளவுதான்.

அவன் காப்பி எடுத்தான். ஹில்டா அதை அடுத்த அறையில் கொண்டுபோய் வைத்தார். சற்று நேரத்தில் பியர்ஸ் காகிதத்தோடு வாசலில் வந்து நின்றார், தெருவில் பர்ஸ் கிடைத்தவன் முகத்தோடு.

"உனக்கென்ன பைத்தியமா ஹில்டா?"

"காலைல ஜட்ஜுகிட்ட நானே குடுத்துடறேன். நீ படிச்சுத் தயாராகு."

மறுநாள் கோர்ட் திறப்பதற்கு முன் வராந்தாவில் வைத்து ஹில்டாவே கோஸ்லிங்கிடம் விஷயத்தைச் சொன்னார். சொலிசிட்டர் தலையில் கட்டவில்லை, நல்ல வார்த்தை தேடிப் பூசவும் இல்லை. கோஸ்லிங்குக்கு விஷயம் உள்ளே போக நேரம் பிடித்தது.

"நான் கூலி குடுத்துக் கூட்டிட்டு வந்த ஆளு, எனக்கே குழி வெட்டிட்டு வந்து சொல்லுது" என்றார், ஹில்டாவைப் பார்க்காமல்.

வேண்டாமென்றால் தன்னை இப்போதே விலக்கிவிடலாம், அது அவர் உரிமை, ஆனால் விஷயம் தெரிந்தபின் அடுத்து வருகிறவரும் அந்தக் காகிதத்தைக் காட்டத்தான் வேண்டும் என்று ஹில்டா சொன்னார். யோசிக்கட்டும் என்று நகர்ந்துகொண்டார். ராய் பக்கத்தில் உட்கார்ந்தான். கோர்ட் திறக்கப் பத்து நிமிஷம் இருந்தது.

"உன் பட்டறையா இருந்தா நீ என்ன பண்ணுவ?" என்றார் கோஸ்லிங்.

"இவங்களத்தான் வெச்சுக்குவேன்."

"நீ அவங்ககிட்ட சம்பளம் வாங்குறவன். வேற எப்படிச் சொல்லுவ."

"எனக்கு இருபத்தாறு பேரு சம்பளம் குடுக்குறாங்கண்ணே. என் வீட்டு மேல ஒரு கேஸ் வந்தா அதுல இருபத்தஞ்சு பேர வாசப்படி ஏத்த மாட்டேன்."

கோஸ்லிங் எழுந்தார். விலக்குகிறேன் என்று சொல்லவில்லை. "வா, உள்ள போலாம். அந்தம்மா என்னை எப்படிக் கவுக்குதுன்னாவது பாப்போம்."

நீதிபதி அந்தக் காகிதத்தைப் பத்து நிமிஷம் படித்தார். பியர்ஸ் எழுந்ததும், இந்தத் தீர்ப்பு எதிர்த்தரப்பு வக்கீல் தந்தது, நான் கண்டுபிடித்ததல்ல என்பதை முதலில் சொன்னார். நீதிபதி கண்ணாடிக்கு மேலாக ஹில்டாவை ஒருமுறை பார்த்தார். அதற்குப் பிறகு பியர்ஸ் அரைமணி நேரம் அதே காகிதத்தை வைத்து அடித்தார். நன்றாகவே அடித்தார். இனாமாக வந்த கத்தி என்பதற்காக அவர் மெதுவாக வீசவில்லை. ஹில்டாவும் அதை எதிர்பார்க்கவில்லை. கோஸ்லிங் தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹில்டா எழுந்து, டாரன்டின் மகளை மறுபடி கூண்டில் ஏற்ற அனுமதி கேட்டார். முந்தின நாள் வரை சங்கிலி யாருக்கும் பெரிய விஷயமாக இல்லை, இப்போது வழக்கே அதில்தான் தொங்குகிறது என்றார். நீதிபதி சம்மதித்தார். ஜோசஃபின் டாரன்ட் பின் பெஞ்சிலிருந்து வந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பொய் சொல்கிற சிரமமெல்லாம் படமாட்டாள் என்று முகத்திலேயே தெரிந்தது.

ஹில்டா தன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். முதல் நாள் ஜோசஃபின் குடும்பக் கதைக்குத் தாவியபோது மற்ற எல்லாரும் பேனாவை மூடி வைத்தார்கள். ஹில்டா மூடவில்லை. அப்பாவுக்குப் பக்கவாதம், கடலோர ஊரான மார்கேட்டுக்குக் கூட்டிப்போனது, மாடிப்படி என்று இரண்டு பக்கம் அப்படியே எழுதியிருந்தார். ராய்க்கு அது இப்போதுதான் தெரிந்தது.

"சங்கிலிய உங்க அப்பாவேதான் மாட்டுவாரா?"

"அவரேதான். வேற யாரையும் தொட விடமாட்டாரு."

"அவருக்குப் பக்கவாதம் வந்தது எந்த வருஷம்மா?"

"தொண்ணூத்தஞ்சு. ஈஸ்டருக்கு முன்னாடி. அப்புறம் கடைசி வரைக்கும் மார்கேட்ல என் வீட்லதான் இருந்தாரு."

"அந்த வருஷ கிறிஸ்துமஸுக்கு சங்கிலிய யாரு மாட்டினாங்க?"

பதில் தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்கக் கூடாது என்பது அங்கே கற்றுக்குட்டிக்கும் தெரியும். இந்தக் கேள்விக்குப் பதில் ஹில்டாவின் நோட்டில் இல்லை. தம்பி, வேலையாள், காவல்காரன் என்று ஜோசஃபின் யார் பெயரையாவது சொன்னால் எல்லாம் முடிந்தது. அவள் யோசித்தாள். ஹில்டா அவசரப்படுத்தவில்லை, உதவியும் செய்யவில்லை.

"யாருமில்ல" என்றாள் ஜோசஃபின். "யாருக்கும் அது ஞாபகமே வரல. அதுக்கப்புறமும் வரல. சங்கிலி எங்க போச்சுன்னே எனக்குத் தெரியாது."

பியர்ஸ் எழுந்து கேட்க ஒன்றுமில்லை என்றார்.

ஹில்டா பன்னிரண்டு நிமிஷம் பேசினார். பழைய தீர்ப்பின் கடைசிப் பக்கத்தை எல்லாரையும் திறக்கச் சொன்னார். ஒவ்வொரு வருஷமும் மூடுவதுதான் அந்த வருஷத்துக்கான அனுமதி என்று அந்த நீதிபதியே எழுதியிருந்தார். கடைசியாகச் சங்கிலி மாட்டியது தொண்ணூற்று நாலு கிறிஸ்துமஸ். போன வருஷம் கதவு வந்தது. இடையில் இருபத்து மூன்று வருஷம், சங்கிலியும் இல்லை, அனுமதியும் இல்லை. சட்டம் கேட்பது இருபது. குரலை உயர்த்தவே இல்லை. உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் தீர்ப்பு வந்தது. சந்தில் வண்டி போகிற உரிமை கோஸ்லிங்குடையது. பதினாலு நாளில் இரும்புக் கதவை எடுக்க வேண்டும்.

பியர்ஸ் கேஸ் கட்டை மூடிக்கொண்டே ஹில்டா பக்கம் சாய்ந்து, அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் முன்னாலேயே தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றார் ஹில்டா.

"அடிப்பாவி" என்றார் பியர்ஸ்.

வராந்தாவில் கோஸ்லிங் நன்றி சொல்வார் என்று ராய் எதிர்பார்த்தான். அவர் சொல்லவில்லை. கணக்குக் கேட்கிற ஆள் அவர்.

"அந்தக் காயிதத்த குடுக்காம இருந்திருந்தா காலைலயே ஜெயிச்சிருப்போம்ல?"

"ஜெயிச்சிருப்போம்" என்றார் ஹில்டா. "அவங்க அப்பீல் போயிருப்பாங்க. அங்க யாராவது இதத் தோண்டியிருப்பாங்க. அப்பீல்ல புதுசா சாட்சி விசாரிக்க மாட்டாங்க, ஜோசஃபினக் கூப்பிட்டுக் கேக்க வழி இருந்திருக்காது."

"அதுக்குத்தான் குடுத்தீங்களா?"

"இல்ல. குடுத்தாகணும், குடுத்தேன்."

சொல்லிவிட்டு அங்கியை மடித்துக் கைமேல் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாளைக்கு ஒரு குத்தகை வழக்கு இருந்தது, அதில் இன்னும் பாதி படிக்கவில்லை. வராந்தா முனையில் அவர் திரும்பி மறைகிறவரை கோஸ்லிங் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது கம்பெனியின் டைரக்டர் ராயிடம் வந்தார். தோற்ற முகத்தைச் சரிசெய்துகொண்டு, தாழ்ந்த குரலில், கிரீனிச்சில் தங்களுக்கு இன்னொரு நிலத் தகராறு இருக்கிறது, அதற்கு மிஸ் ரென்ஷா கிடைப்பாரா என்று விசாரித்தார். ராய் டைரியைப் புரட்டி, செப்டம்பரில் நாள் இருக்கிறது, சொலிசிட்டர் மூலமாக வரச்சொல்லுங்கள் என்றான்.

அவர் போனதும் கோஸ்லிங் கிட்டே வந்தார்.

"அவனுக்கும் இந்தம்மா வாதாடுமா?"

"நாள் இருந்தா யாருக்கும் வாதாடுவாங்க. மாட்டேன்னு சொல்லக் கூடாது, அதுவும் விதிதான்."

கோஸ்லிங் சட்டைப் பையிலிருந்து கிரீஸ் படிந்த ஒரு கார்டை எடுத்து, பட்டறையின் பெயர் மேலே வருகிற மாதிரி ராயின் கையில் வைத்தார்.

"அவன் என் மேல திரும்ப வந்தான்னா, முன்னாடியே எனக்கு போன் பண்ணு. இவங்கள நான் மொதல்ல புக் பண்ணிக்குறேன்."