தினமும் ஏப்ரல் மூன்று

வேலையில் சேர்ந்த முதல் காலையே எனக்கு வெறுத்துவிட்டது. ஆனைக்கரையில் ஜின்சன் சாரின் ஆபீஸ் அது. ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தை இந்தப் பக்கத்தில் ஸ்டோர் என்பார்கள். அதற்கு வரைபடம் போட்டுக் கொடுப்பதுதான் தொழில். கோயமுத்தூரில் வருஷக்கணக்காகப் படம் வரையும் இதே மென்பொருளோடு மல்லுக்கட்டியவள் என்பதால் என்னை மென்பொருள் மேனேஜராகக் கூப்பிட்டிருந்தார். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பெட்டியும் படுக்கையுமாக மலையேறி வந்திருந்தேன்.

மூத்த வரைவாளன் ரிஜின் ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய்த் தேதியை மாற்றிக்கொண்டிருந்தான். எல்லாவற்றிலும் ஏப்ரல் மூன்று.

"என்னங்க பண்றீங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்ல மேடம். இந்த மென்பொருளக் கம்பெனிக்காரன் ஒரு மாசம்தான் சும்மா குடுப்பான். அப்புறம் தெறக்காது. தேதியப் பின்னாடி தள்ளிட்டா ஏமாந்துரும். நாலு வருசமா இப்படித்தான் ஓட்டுறோம்."

பெருமை வேறு! நாலு வருஷமாக இந்த ஆபீசில் விடிந்தால் ஏப்ரல் மூன்று. கருமம். இந்தத் திருட்டுக்கடைக்கு மேனேஜர் நான். ஜின்சன் சாரிடம் சொன்னதற்கு, "அதொக்க மெல்ல பார்க்கலாம், முதல்ல நீ ஸ்ட்ராங்கா ஒரு தொடக்கம் காட்டு" என்று கன்னத்தில் பரிப்புவடையை அடக்கிக்கொண்டே சொன்னார்.

அந்த வாரமே சக்குபள்ளத்திலிருந்து ஏலத்தோட்ட முதலாளி பூபதிராஜா ஜீப்பில் வந்து இறங்கினார். எங்கள் ஆபீஸ் படத்தைப் பார்த்து ஸ்டோர் கட்டியவர். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். "என்னய்யா கதவு வச்சிருக்கீக? காய் அடுக்குற ட்ரே வண்டி உள்ள போகவே மாட்டேங்குது. செவத்த இடிச்சாத்தான் உண்டு. பறிச்ச காயெல்லாம் வெளிய கெடந்து நாறுது!"

அவர் போனதும் ஜின்சன் சார் என்னை உள்ளே கூப்பிட்டார். "அந்தப் படம் சிவசங்கரி வரச்சது. அவள வேலைய விட்டுப் பறஞ்சு விட்டுரு. நீயே செஞ்சா மத்தவங்களுக்கும் ஒரு பயம் இருக்கும்."

சிவசங்கரி பீர்மேட்டுக்காரி. தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் வீடு. அம்மாவால் கொழுந்து பறிக்க முடியாமல் போனபிறகு இவள் சம்பளத்தில்தான் அங்கே அடுப்பெரிகிறது. அவளிடம் விசாரித்தேன்.

"மொதல்ல கதவு சின்னதாத்தான் போட்டேன் மேடம். மறுநாக் காலையிலேயே தப்புன்னு தெரிஞ்சு பெருசா திருத்திட்டேன்ல."

அவள் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். இரண்டு படமும் இருந்தன. சின்னக் கதவு, ஏப்ரல் மூன்று, சாயங்காலம். பெரிய கதவு, ஏப்ரல் மூன்று, காலை. முந்தின நாள் சாயங்காலம் போட்டதும் மறுநாள் காலையில் திருத்தியதும் ஒரே தேதியில் கிடந்தால் எது பிந்தியது? மணியை மட்டும் பார்த்தால் தப்பான படம்தான் புதியது. ஜின்சன் சார் வரிசையில் மேலே இருந்ததை எடுத்து அனுப்பியிருக்கிறார். தப்பு அவள்மேல் துளியும் இல்லை.

ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். மனிதர் அசரவே இல்லை.

"அதெனக்குத் தெரியும் யோகப்பிரியா. அதுக்கு, நான்தான் அனுப்பினேன்னு பூபதிராஜாகிட்டப் பறயவா? யாரையாவது காட்டணுமில்ல. அவகிட்ட மன்னிப்புன்னு ஒரு மாப்பு எழுதி வாங்கிக்கோ, பின்னே வேலைய விட்டு அனுப்பினாப் போதும்." எண்ணெய்க் கையை மேஜை விரிப்பில் துடைத்தார்.

சீ! தெரிந்தேதான் செய்கிறார். ஒரு பெண்ணின் சோற்றில் கை வைக்க என் கையைக் கேட்கிறார். அந்த அறையில் மூச்சு விடவே அருவருப்பாக இருந்தது.

வெளியே வந்தால் சிவசங்கரி பேனாவும் தாளுமாக உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும். "மாப்பு எழுதிக் குடுத்துர்றேன் மேடம். கெட்ட பேரு இல்லாம விட்டாப் போதும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எதுக்கு எழுதறே? எந்திரி!" என்று கத்தினேன். எழுதிய தாளைப் பிடுங்கிக் கிழித்தேன். ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய் நிஜத் தேதியைப் போட்டேன். எல்லாத் திரையிலும் காலம் முடிந்தது, பணம் கட்டு என்ற அறிவிப்பு வந்து நின்றது. ஆபீசில் ஒரு கோடு போட வழியில்லை.

ஜின்சன் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "எந்தா இது! வேல மொத்தம் நின்னு போச்சே!"

"காசு குடுத்து வாங்குங்க சார். திருட்டுத்தனமா ஓட்டறதுக்கு மேனேஜர் எதுக்குங்க?"

"உன் காரியத்த அப்புறம் பார்க்கிறேன். ரிஜின், பழைய தேதி போடு!"

ரிஜின் எழுந்து பக்கத்தில் இருந்த சிவசங்கரியின் கம்ப்யூட்டருக்குக் கை நீட்டினான். அவள் மவுஸை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "தொடாதீங்கண்ணே."

"நீயா?" ஜின்சன் சாரின் முகம் சிவந்தது. "உன்ன இப்பவே அனுப்பிருவேன், பார்த்துக்கோ!"

"அனுப்புங்க சார்." மவுஸை விட்டு அவள் கை நகரவில்லை. "ஆனா ஏப்ரல் மூணு வேணாம், இன்னைக்குத் தேதி போட்டு அனுப்புங்க. நாலு வருசம் நான் இங்க வேல பாத்துருக்கேன்."